கார் பார்க்கக் காலை ஆறரைக்குப் போங்கள்

நான் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறவள். மதுரையில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் வீடுகளில் சேலைகளை எடுத்து, தேனி, கம்பம், பரமக்குடி, காரைக்குடி என்று கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுவது தொழில். மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாமல் வண்டி ஓடும். ஓட்டுவது நான்தான். என் வீட்டுக்காரருக்கு ஸ்கூட்டரோடு சரி. ஆனாலும் பழைய கார் வாங்க எந்தக் கன்சல்டிங்குக்குப் போனாலும் புரோக்கர் விலையை அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார். "சாருக்கு ஏத்த வண்டி சார், சிங்கிள் ஓனர், டாக்டர் வச்சிருந்தது." முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதையே சாதகமாக்கிக்கொண்டேன். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கும் பத்து நிமிடத்தில் நான் பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிடுவேன்.

இந்தப் புத்தி எனக்குச் சும்மா வரவில்லை. 2015-இல் முதல் காரை வாங்கியபோது ஏமாந்தேன். எந்தக் கம்பெனி வண்டி, யாரிடம் வாங்கினேன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பாலீஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி நின்றது. மீட்டரில் 62,000 கிலோமீட்டர். பிரேக் பெடலின் ரப்பர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வரி வரியான பள்ளமெல்லாம் அழிந்து மொழுமொழுவென்று இருந்ததைப் பார்த்தேன். அது என்ன சொல்கிறது என்று அப்போது தெரியவில்லை. ஐந்தாவது மாதம் ஹெட் கேஸ்கட் போனது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் பாய் ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பிவிட்டு, கதவுகளையும் கூரையையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "என்னம்மா, இது மஞ்சள் போர்டு வண்டியாச்சே" என்றார். மேலே கேரியர் மாட்டிய தடம், பின் சீட்டுக்கு அடியில் மூன்று ஊர் டோல் ரசீது. பழைய சர்வீஸ் கணக்கை விசாரித்தால், நான் வாங்குவதற்கு இரண்டு வருடம் முன்பே 1,40,000 தாண்டியிருந்தது. வாங்கிய விலையில் பாதிக்கு விற்றேன்.

இப்போது வைத்திருப்பது 2012 மாடல் டொயோட்டா எட்டியோஸ் டீசல். 2019-இல் திண்டுக்கல்லில் ஓய்வு பெற்ற ஒருவரிடம் நேரடியாக 3 லட்சத்து 65 ஆயிரத்துக்கு வாங்கினேன். அப்போது 1,08,000 ஓடியிருந்தது. இப்போது இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. பழைய டீசல் கார் வாங்கும் நேரத்தில் கூட வந்து பார்க்கச் சொல்லி நிறையப் பேர் கூப்பிடுகிறார்கள். எல்லாரிடமும் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஓட்டத்தைக் கணக்குப் பாருங்கள்

"டீசல்னா சிக்கனம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன காலம் ஒன்று இருந்தது. 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்த மாதங்கள் உண்டு. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அந்த இடைவெளி சுருங்கிச் சுருங்கி இன்று பத்து ரூபாய்க்குள் வந்துவிட்டது. ஆகவே லாபம் விலையில் இல்லை, மைலேஜில்தான் இருக்கிறது. என் வண்டி ஏசி போட்டு, டிக்கி நிறையச் சேலை மூட்டையோடு லிட்டருக்கு 20 கொடுக்கிறது. இதே அளவு பழைய பெட்ரோல் வண்டி, ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து ஓட்டினால் 14 கொடுக்கலாம். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை ரூபாய் மிச்சம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஐயாயிரம் ரூபாய் என்றால் அது காசு. மாதம் ஐந்நூறு கிலோமீட்டர்தான் ஓடும் என்றால் வருடத்துக்குப் பதினைந்தாயிரம். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் ஒரே ஒரு வேலை வந்தால் அது மொத்தமும் போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. சிம்மக்கல்லில் இருந்து தெப்பக்குளத்துக்கு, அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு என்று துண்டு துண்டாக ஓடும் டீசல் எஞ்சின் சரியாகச் சூடேறுவதே இல்லை. அரைச் சூட்டில் ஓடி ஓடிக் கரி சேரும்; புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு அடைத்துக்கொள்ளும், பிறகு பிக்கப் இல்லை, புகை தள்ளுகிறது என்று ஷெட்டுக்கு அலைய வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து பெட்ரோலே வாங்குங்கள். என் தம்பிக்கு இதைச் சொன்னேன், கேட்கவில்லை. அதை விடுங்கள்.

வெளியூர் ஓட்டம் உள்ளவர்களுக்குப் பழைய டீசல் செடானை விட்டால் இன்று வேறு வழி குறைவு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலை அடியோடு நிறுத்தியது. 2023-இல் விதி இன்னும் இறுகியபோது ஹோண்டாவும் ஹூண்டாயும் தங்கள் டீசல் செடான்களை நிறுத்திவிட்டன. ஆகவே நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலையில் டீசல் செடான் என்றால் பழசுதான். இதில் ஒரு சின்ன ஆறுதல்: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா ஆகாதா என்று பெட்ரோல்காரர்கள் பேசிக்கொள்ளும்போது நாம் டீயை நிம்மதியாகக் குடிக்கலாம்.

எந்த வண்டி

என் அபிப்பிராயம் இது, சண்டைக்கு வராதீர்கள். மாருதி டிசையரில் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் எஞ்சின், 1248 சி.சி. ஸ்விஃப்ட், ரிட்ஸ், ஃபியட் லீனியா, டாடா இண்டிகா விஸ்டா என்று எத்தனையோ வண்டிகளில் அதே எஞ்சின்தான். அதனால் உசிலம்பட்டியில் நின்றுபோனாலும் கை வைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பார். வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்க டைமிங் செயின் உள்ள எஞ்சின். ஆனால் ஆயிலை நேரத்துக்கு மாற்றாதவர் கையில் இருந்திருந்தால் செயின் தளர்ந்து காலையில் கடகடக்கும். குடும்பமாகச் சாமான் ஏற்றுவோர் 2012-க்கு முந்தைய டிசையரைப் பாருங்கள். அதற்குப் பிறகு வந்தது நான்கு மீட்டருக்குள் அடங்குவதற்காக டிக்கியைக் குறைத்துக்கொண்டது.

மஹிந்திரா லோகன், அதுவே பெயர் மாறி வெரிட்டோ: பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும், யாரும் சீண்டமாட்டார்கள், அதனாலேயே விலை குறைவு. உள்ளே ரெனோவின் 1.5 டி.சி.ஐ. எஞ்சின், உழைப்பாளி. பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் தாராளமாக உட்காரலாம். இதில் செயினுக்குப் பதிலாக டைமிங் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சீட்டு இல்லாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்; அதற்குப் பிறகு எஞ்சின் வேலைதான். ஃபோர்டு ஃபியஸ்டா டீசலும் பெல்ட் வண்டிதான். ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டுகிற சுகத்துக்கு அதற்கு ஈடில்லை. ஃபோர்டு இங்கே கார் செய்வதை நிறுத்திவிட்டதால், வாங்குவதற்கு முன் உங்கள் மெக்கானிக்கிடம் "இதுக்குச் சாமான் எடுத்துத் தருவீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஹூண்டாய் வெர்னா 1.6 டீசலில் 128 குதிரைத் திறன். ஓட்டிப் பார்த்தால் ஆசை வரும். முன்பு வைத்திருந்தவருக்கும் அதே ஆசை வந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எட்டியோஸ் அழகுக்காக வாங்கும் வண்டி இல்லை. மீட்டர் டேஷ்போர்டின் நடுவில் இருக்கும், முன்னால் ஒரே ஒரு வைப்பர். ஆனால் 1364 சி.சி. எஞ்சின் செயினோடு வருகிறது, கிட்டத்தட்ட 68 குதிரைத் திறன்தான் என்றாலும் 1800 ஆர்.பி.எம்.மிலேயே இழுவை முழுதாகக் கிடைத்துவிடும். டிக்கி 595 லிட்டர். இருபது இருபது சேலையாகக் கட்டிய கட்டுகள் எத்தனை கொள்ளும் என்பது எனக்கு முக்கியம். உங்களுக்குத் தள்ளுவண்டியோ குக்கரோ கல்யாணச் சீரோ இருக்கும். இதில் பயம் என்னவென்றால், எட்டியோஸும் டிசையரும் டாக்சிக்காரர்களின் செல்ல வண்டிகள். மஞ்சள் போர்டாக ஓடி, ஓன் போர்டாக மாற்றி விற்பதும் உண்டு. மாற்றுவது குற்றம் இல்லை; மறைப்பதுதான். பின் சீட்டின் உள் கைப்பிடி, பின் கதவின் பிடி, டிக்கிப் பூட்டு இவை மூன்றும் ஓட்டுநர் பக்கத்தைவிடத் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். வீட்டு வண்டியில் டிரைவர் சீட்டுதான் முதலில் அமுங்கும்; டாக்சியில் பின் சீட்டின் இடது பக்கமும் சேர்ந்து அமுங்கியிருக்கும்.

எங்கிருந்து வந்த வண்டி

நம் பக்கத்து நம்பர்கள் ஓரளவுக்குக் கதை சொல்லும். 58, 59, 64 மதுரை. 57 திண்டுக்கல், 60 தேனி. இவை இரண்டும் காய்ந்த ஊர் வண்டிகள், அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும். மலை ஏறி இறங்கியதால் கிளட்சும் பிரேக்கும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 65 ராமநாதபுரம், 69 தூத்துக்குடி என்றால் உப்புக்காற்று. கீழே குனிந்து சைலன்சர், கதவுகளின் அடி விளிம்பு, ஸ்டெப்னி வைக்கும் பள்ளம் எல்லாவற்றையும் கையால் தடவிப் பாருங்கள். சென்னையில் 2015 டிசம்பரிலும், சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவிப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவிவிடுவார்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும்.

டெல்லி நம்பர் வண்டி பாதி விலைக்கு வந்திருக்கிறது என்றால், தலைநகர்ப் பகுதியில் பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு இருந்த தடைதான் காரணம். அந்தத் தடை நமக்கு இல்லை. ஆனால் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டுக்கு வரி கட்டி முடிப்பதற்குள் மிச்சம் பிடித்தது கரைந்துவிடும். நான் தொடுவதில்லை.

காலை ஆறரை மணி

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். விற்கிறவரிடம், "காலையில் ஆறரைக்கு வருகிறேன், அதுவரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் வணக்கம் சொல்லும் கையோடு பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், ஏதோ ஒன்றை மறைக்க ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். சூடான எஞ்சின் நன்றாகப் பொய் சொல்லும். இரவெல்லாம் நின்று ஆறிய எஞ்சினுக்கு அது வராது.

சாவியை முதல் திருப்பில் நிறுத்துங்கள். சுருள் கம்பி மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து அணையும்; அது குளோ பிளக். நம் ஊர் வெயிலுக்கு அதன் வேலை குறைவு. மதுரையில் மார்கழியில்கூட டீசல் வண்டி ஒரே முயற்சியில் எடுக்க வேண்டும். இழுத்து இழுத்து எடுத்தால் கம்ப்ரஷன் குறைவு, இன்ஜெக்டர் ஒழுகல், பேட்டரி என்று ஏதாவது ஒன்று. ஸ்டார்ட் ஆகும்போது ஒருவரை வண்டியின் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நான் வீட்டுக்காரரை நிறுத்துவேன். கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றால் பரவாயில்லை. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வந்துகொண்டே இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே போகிறது. நீலம் கலந்து வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு, அழுத்தி மிதிக்கும்போது கொஞ்சம் வரலாம், பழைய டீசல்தானே. சும்மா நிற்கும்போதே வந்தால் கூடாது.

அடுத்து, எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து, அதன் வாயிலேயே தலைகீழாகச் சும்மா வையுங்கள். இலேசாக ஆடினால் சரி. தட்டு மாதிரி தாவிக் குதித்தாலோ, புகை குபுகுபுவென்று வந்தாலோ அதைத்தான் மெக்கானிக்குகள் "பேக் கம்ப்ரஷன்" என்பார்கள். பிஸ்டன் ரிங்கு தேய்ந்து எரிந்த புகை கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அந்த வண்டிக்கு எஞ்சின் வேலை காத்திருக்கிறது. டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் கன்னங்கரேல் என்று இருக்கும்; பயப்பட வேண்டாம், டீசல் எஞ்சினில் மாற்றிய மறுநாளே கறுத்துவிடும். பால் காபி நிறத்தில் இருந்தால்தான் ஆபத்து. கூலன்ட் டப்பாவில் பச்சை, சிவப்பு ஏதாவது ஒரு நிறம் இருக்க வேண்டும். வெறும் பைப்புத் தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்த வீட்டில் மற்ற விஷயங்களும் அப்படித்தான் நடந்திருக்கும்.

திண்டுக்கல்லில் எட்டியோஸைப் பார்க்கப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். ஆறு நாற்பதுக்குப் போனோம். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பானெட் சில்லென்று இருந்தது. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களே எடும்மா" என்றார். அரைத் திருப்பில் பிடித்துக்கொண்டது. க்ளவ் பாக்ஸில் ஒரு நாற்பது பக்க நோட்டு. 2012-இல் இருந்து போட்ட ஒவ்வொரு டீசலும் தேதி, கிலோமீட்டர், லிட்டர், எந்த ஊர் பங்க் என்று எழுதியிருந்தது. ஒரு இடத்தில் "17.2 — ஏன்?" என்று கேள்விக்குறி, இரண்டு வரி தள்ளி "டயர் காற்று" என்று பதில். அந்த வரியைப் படித்ததுமே நான் மனதுக்குள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஆனாலும் விலையில் இருபதாயிரம் குறைத்தேன், நான்கு டயரும் தேய்ந்திருந்தன. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2313 என்றால் 2013-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஆறு வயதான டயரில் பட்டன், அதாவது தேயாத மேல்பகுதி, எவ்வளவு இருந்தாலும் நான் அதை டயராகக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

நோட்டு எல்லாரும் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் வண்டியை வைத்திருந்த கை எப்படிப்பட்டது என்பது வேறு விதங்களிலும் தெரியும். நான்கு டயரும் ஒரே கம்பெனியா, ஜாக்கியும் ஸ்பேனரும் அதனதன் இடத்தில் இருக்கிறதா, இரண்டாவது சாவி உண்டா, பேட்டரி முனையில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா? கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டிருந்தால், உரிமையாளர் சம்மதத்தோடு நம்பரைச் சொல்லிப் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். மீட்டரைக் குறைத்திருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும்.

பாடிக்கு, ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைப் பர்ஸில் போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய துணியில் சுற்றிக் கதவு, ஃபெண்டர் என்று ஒட்டிப் பாருங்கள். பட்டி தடவிய இடத்தில் பிடிக்காது. பானெட் கீல் போல்ட்டில் பெயிண்ட் பெயர்ந்து ஸ்பேனர் தடம் இருந்தால் பானெட்டைக் கழற்றியிருக்கிறார்கள். ஊருக்குள் ஓடிய காரில் ஒரு சிராய்ப்பு, ஒரு டிங்கரிங் இருக்கத்தான் செய்யும். முன் சேசிஸ் நீட்டங்கள் வளைந்து நிமிர்த்தியிருந்தால் மட்டும் வேண்டாம்.

ஓட்டிப் பார்க்க

காலி ரோட்டில் ஒரு சுற்று என்று விற்கிறவர் கூட்டிப்போகும் வழியில் போகாதீர்கள். மதுரையில் என் வழி இது. தல்லாகுளத்தில் நத்தம் ரோடு மேம்பாலம் ஏறுங்கள். 2023-இல் திறந்தது, 7.3 கிலோமீட்டர் நீளம். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மெதுவாகப் போய், 1500 ஆர்.பி.எம்.மில் முழுதாக மிதியுங்கள். ஒரு நொடி யோசித்துவிட்டு முதுகைத் தள்ளினால், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ நலம். ஊளையிட்டால் டர்போவில் கோளாறு; எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்சில் கோளாறு. மேலே போனதும் ரோடு காலியாக இருக்கும்போது ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்து இழுக்கிறதா பாருங்கள். ஊமச்சிகுளம் பக்கம் இறங்கி, திரும்பும்போது கீழே உள்ள ரோட்டில் வாருங்கள். ஸ்பீடு பிரேக்கரில் கண்ணாடியை இறக்கி, ஏசியை அணைத்து, கடகடப்பு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். லிங்க் ராடு என்றால் சின்னச் செலவு, லோயர் ஆர்ம் நடுத்தரம். ஸ்டீயரிங் ராக் என்றால் விலையை மறுபடி பேசுங்கள். கடைசியில் வெயிலில் நிறுத்தி, ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். சித்திரை வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கப்போவது நீங்கள்தான்.

இதற்குப் பிறகு உங்கள் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். புரோக்கர் காட்டும் மெக்கானிக்கிடம் இல்லை. பாய்க்கு நான் ஐந்நூறு ரூபாய் கொடுப்பேன். அவர் வாங்க மறுப்பார், நான் டேஷ்போர்டில் வைத்துவிட்டு வருவேன்.

பேப்பர்

ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சின், சேசிஸ் எண்ணை வண்டியில் இருப்பதோடு நீங்களே ஒத்துப் பாருங்கள். எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ், வண்டி மேல் ஃபைனான்ஸ் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். கடன் முடிந்திருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் கையில் வாங்குங்கள். விற்பனைக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலம் என்றால் 28. கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு பெயர் மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டுவது நம் ஊரில் சகஜம். அந்தத் தவறைச் செய்யாதீர்கள், விற்கும்போதும் செய்யவிடாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். பழைய ஓனர் கிளைம் கேட்காததற்குக் கிடைத்த நோ கிளைம் போனஸ் தள்ளுபடி அவரோடு போய்விடும், அதை வண்டியோடு சேர்த்து விற்கிறேன் என்று சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

15 வருடம் முடிந்தால் எஃப்.சி. (தகுதிச் சோதனை) பார்த்து ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கு அதற்கான கட்டணம் 600-இல் இருந்து 5,000 ரூபாய் ஆனது, பசுமை வரி தனி. 14 வருட வண்டியைப் பார்க்கும்போது இதையும் பெயிண்ட் வேலையையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

வாங்கிய பிறகு

வாங்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை முதல் மாதத்துக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் வந்த மறுநாளே எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், மூன்று ஃபில்டர், நான்கு டயர் எல்லாம் மாற்றினேன். 38 ஆயிரம் ஆனது. அதற்குப் பிறகு நான்கு வருடம் வழக்கமான சர்வீஸ் தவிர ஒரு கிளட்ச்தான் செலவு.

பிறகு பெரிதாக ஒன்றுமில்லை. ஆயிலை நான் 8,000-க்கே மாற்றிவிடுவேன். டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை இறக்கச் சொல்லுங்கள். டேங்கை வற்றவிடாதீர்கள், அடியில் இருக்கும் கசடு ஃபில்டருக்கு ஏறும், காற்றும் புகுந்துகொள்ளும். லாரிகள் வரிசையில் நிற்கும் பங்கில் போடுங்கள், அங்கே டீசல் தேங்கிக் கிடக்காது. ஸ்டார்ட் பண்ணியதும் உறுமவைக்க வேண்டாம். மலை இறங்கி வந்தால், நெடுஞ்சாலையில் விரட்டி வந்தால், ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள்; டர்போவின் பேரிங் ஆறட்டும். நான் அந்த ஒரு நிமிடத்தில் கடைக்காரருக்கு "வந்துட்டேன் அண்ணாச்சி" என்று போன் போட்டுவிடுவேன்.

ஓட்டும் சுகத்துக்குத் தேனி ரோடு. உசிலம்பட்டி தாண்டியதும் ஆண்டிப்பட்டி கணவாய் ஏறும் இடத்தில் பெட்ரோல் வண்டிக்காரர்கள் மூன்றாவதுக்கு இறக்கி அலறவிடுவார்கள். நான் நான்காவதிலேயே, 2000 ஆர்.பி.எம்.மில், காலை அசைக்காமல் ஏறிவிடுவேன். டிக்கியில் இரண்டரை மூட்டை இருந்தாலும் அப்படித்தான். எஞ்சின் ஊருக்குள் தறி மாதிரி கடகடக்கும். எண்பதில் போகும்போது வண்டிக்குள் அது கேட்பதே இல்லை. டீசலை எண்பது, தொண்ணூறில் பிடித்து ஓட்டுங்கள். நூற்றுப் பத்தில் விரட்டினால் 20 கொடுக்கும் வண்டி 16-க்கு வந்துவிடும், அரை மணி நேரம்கூட மிச்சமாகாது. கம்பத்திலிருந்து வசூல் முடித்துக் காலி டிக்கியோடு மாலையில் திரும்பும்போது, காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டு, மடியில் பருத்திப்பால் டம்ளர் இல்லாத குறை ஒன்றைத் தவிர வேறு குறை தெரியாது. அது மதுரை வந்தால்தான் கிடைக்கும்.

இன்னொன்று. எட்டியோஸின் க்ளவ் பாக்ஸுக்குள் ஏசிக் காற்று வரும். தண்ணீர் பாட்டிலுக்காக வைத்திருப்பார்கள். நான் விடியக்காலையில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வாங்கும் மல்லிகையை ஈரத்துணியில் சுற்றி அதற்குள் வைத்துவிடுவேன். கம்பம் போய்ச் சேரும் வரை மொட்டு விரியாது. கடைக்காரர் வீட்டம்மாவுக்கு ஒரு முழம் கொடுத்தால் பழைய பாக்கி கொஞ்சம் சீக்கிரம் வசூலாகும். திண்டுக்கல்காரரின் நோட்டும் அதிலேதான் இருந்தது, நான் அதிலேயே தொடர்ந்து எழுதிவந்தேன். பூவின் ஈரம் பட்டு 2014-ஆம் வருடக் கணக்கு கொஞ்சம் ஊறிவிட்டது. இப்போது நோட்டைக் கதவுப் பைக்கு மாற்றிவிட்டேன்.